நெடுஞ்சாலையில் ஏறும்போது வழி யாருக்கு? ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் சாலைகள் மாறிய வேகத்துக்கு நம் ஓட்டும் பழக்கம் மாறவில்லை. 45ஏ என்ற பழைய எண்ணில் ஊருக்குள் புகுந்து சென்ற இருவழிச் சாலையில், எங்கு வேண்டுமானாலும் ஏறி எங்கு வேண்டுமானாலும் இறங்கிப் பழகியவர்கள் நாம். இன்று விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை இரண்டு ஊர்களுக்கும் மேற்கே புறவழியாகச் செல்கிறது. திண்டிவனம் சாலையும் நான்குவழியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எண்பது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் வரும் இந்தச் சாலைகளில் பழைய ஊர்ச் சாலையின் பழக்கத்தோடு ஏறுவதால் ஏற்படும் தொல்லைகளைப் பற்றியவைதான் கீழே உள்ள கேள்விகள். சர்வீஸ் ரோட்டிலிருந்தும் கிளைச் சாலையிலிருந்தும் சென்டர் மீடியன் இடைவெளியிலிருந்தும் நெடுஞ்சாலையில் சேரும் அந்தச் சில விநாடிகளில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதே பொருள்.

நெடுஞ்சாலையில் ஏறுபவருக்கு முன்னுரிமையா, ஏற்கெனவே அதில் செல்பவருக்கா?

ஏற்கெனவே செல்பவருக்கே. பிரதான சாலை என்று குறிக்கப்பட்ட சாலைக்குள் நுழைபவர் அதில் செல்லும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும் என்றும், மற்றச் சந்திப்புகளில் தமக்கு வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்றும் 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் கூறின. அவற்றுக்குப் பதிலாக 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் கிளைச் சாலையிலிருந்து வருபவர் காத்திருக்க வேண்டும் என்ற அடிப்படையை மாற்றவில்லை. சேரும் இடத்தில் சிவப்பு விளிம்போடு தலைகீழ் முக்கோணப் பலகை இருந்தால் வழிவிட வேண்டும். எண்கோணச் சிவப்புப் பலகை இருந்தால் சாலையில் வண்டியே தென்படாவிட்டாலும் சக்கரம் நின்றாக வேண்டும். பலகை ஏதும் இல்லாத இடத்திலும் கடமை இதுதான். முதலில் மூக்கை நுழைத்தவருக்கே வழி என்ற ஊர்ப் பழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

அப்படியானால் நெடுஞ்சாலையில் செல்பவருக்குப் பொறுப்பே இல்லையா?

இருக்கிறது, முன்னுரிமை உள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு செல்லலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைத் தணித்துக் கவனத்தோடு செல்ல வேண்டும் என்பது இருவருக்குமான விதி. அதற்கு மேல், ஏறுபவரால் செய்ய முடியாத ஒன்றைச் சாலையில் செல்பவரால் எளிதாகச் செய்ய முடியும். இடப்புறச் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு கார் ஏறத் தயாராவதை இருநூறு மீட்டருக்கு முன்பே பார்த்துவிட்டால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதோ, வலது தடம் காலியாக இருந்தால் கண்ணாடி பார்த்து அதற்கு மாறிக்கொள்வதோ போதும். இரண்டுமே அவருக்குச் சில விநாடி வேலைதான். அவ்வாறு செய்யாதவர் விதியை மீறியவர் ஆகமாட்டார் என்றாலும், நல்ல ஓட்டுநர் என்ற பெயரை அவருக்குக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

கண்டிக்க வேண்டிய வழக்கமும் ஒன்று உண்டு. பக்கத்தில் ஒருவர் ஏறப்போகிறார் என்று தெரிந்ததும் இருந்த இடைவெளியை அடைக்க வேகத்தைக் கூட்டுவது. முந்திச் செல்லப்படும் வண்டியின் ஓட்டுநர் வேகத்தைக் கூட்டித் தடுக்கக் கூடாது என்று 1989 விதிகளிலேயே தனியாக எழுதப்பட்டிருந்தது. ஏறுபவரை நெருக்கி அடைப்பதும் அதே இனத்தைச் சேர்ந்த முரட்டுத்தனம்தான்.

வழிவிடுவதற்காக நான் சாலையில் வண்டியை நிறுத்திக் கொடுத்தால் அது நல்லதுதானே?

நல்லதில்லை. இரக்கம் உள்ளவர்களும் பெண்களையும் முதியவர்களையும் மதித்து நிற்பவர்களும் இதைப் படித்து வருந்தக்கூடும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. உங்களுக்குப் பின்னால் இரண்டு விநாடி இடைவெளியில் ஒரு டேங்கர் லாரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பிரேக் பிடித்த காரணம் அந்த ஓட்டுநருக்குத் தெரியாது. அவர் உயரத்திலிருந்து பார்த்தாலும், நீங்கள் வழிவிடும் ஸ்கூட்டர் உங்கள் காருக்கு மறைவில் இருக்கும். அவர் உணர்ந்து பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே இருபது முப்பது மீட்டர் போய்விடும். பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலொழியத் திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது என்று விதி சொல்வது இதனால்தான்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நீங்கள் இடது தடத்தில் நின்று கையை ஆட்டி “போங்கள்” என்கிறீர்கள். அவரும் நம்பி ஏறுகிறார். வலது தடத்தில் உங்களைத் தாண்டி வரும் பேருந்தை நீங்களும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. சைகை காட்டியவருக்கு அந்த விபத்தில் கீறல்கூட விழுவதில்லை. ஆகவே, பிறருக்காக நீங்கள் சாலையைப் பார்த்துச் சொல்லாதீர்கள். வேகத்தை மெல்லத் தணித்து இடைவெளியை அகலமாக்கிக் கொடுங்கள், அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும். ஊருக்குள், நகரும் நெரிசலில், இந்திரா காந்தி சதுக்கம் போன்ற இடத்தில் நின்று வழிவிடுவது வேறு விஷயம். அங்கே எல்லோரும் பத்து கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

எந்த வேகத்தில் ஏற வேண்டும்? மெதுவாக ஏறுவதுதானே பாதுகாப்பு?

மெதுவாக வந்து பார்ப்பது பாதுகாப்பு, மெதுவாக ஏறுவது பாதுகாப்பில்லை. சேரும் இடத்தில் பக்கவாட்டில் நீண்டு செல்லும் தனித் தடம் இருந்தால், அது வேகத்தைக் கூட்டுவதற்காகவே போடப்பட்டது. அதன் தொடக்கத்திலேயே நெடுஞ்சாலைக்குள் வண்டியைத் திருப்புவதும், அதன் முடிவு வரை நாற்பதிலேயே ஓட்டிக் கடைசியில் நின்றுவிடுவதும் அந்தத் தடத்தை வீணாக்குகின்றன. அதற்குள்ளேயே கியரை ஏற்றி, நெடுஞ்சாலையின் இடது தடத்தில் வண்டிகள் செல்லும் வேகத்துக்கு ஏறத்தாழ ஈடாக வந்த பிறகு, கிடைத்த இடைவெளியில் சாய்வாக நுழைய வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு சிறிய கார் நாற்பதிலிருந்து எண்பதுக்கு வர ஒன்பது விநாடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில், பின்னால் சீராக எண்பதில் வரும் வண்டி அந்தக் காரை ஐம்பது மீட்டர் நெருங்கிவிடும். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டால் அதே கார் எண்பதை எட்டப் பதினெட்டு விநாடிபோல் ஆகும். பின்னால் வருபவர் இருநூறு மீட்டர் நெருங்கிவிடுவார். எனவே நின்று ஏறுபவருக்கு, ஓடிக்கொண்டே ஏறுபவருக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு இடைவெளி வேண்டும்.

நம் வட்டாரத்தில் பல இடங்களில் இப்படிப்பட்ட தடம் கிடையாது. கிளைச் சாலை நேராக வந்து நெடுஞ்சாலையில் முட்டும். அங்கே நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்போது நின்ற இடத்திலிருந்து புறப்படுவதற்கான நீண்ட இடைவெளிக்குக் காத்திருங்கள். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கிறார் என்பதற்காகக் கணக்கு மாறாது.

அந்த இடைவெளியைக் கண்ணால் எப்படி அளப்பது?

மீட்டர் கணக்கு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தவருக்கு உதவாது என்பது சரிதான். ஆனால் சாலையிலேயே அளவுகோல் நட்டு வைத்திருக்கிறார்கள். மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கற்களுக்கு இடையே, 2, 4, 6, 8 என்று எண்ணிட்ட சிறிய கற்கள் இருநூறு மீட்டருக்கு ஒன்றாக நிற்கும். நீங்கள் வழக்கமாக ஏறும் இடத்திலிருந்து, வண்டிகள் வரும் பக்கம் இருநூறு மீட்டருக்குக் குறையாத தொலைவில் உள்ள கல்லோ, அதன் அருகில் உள்ள மரமோ கடையோ எது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால், வருகிற வண்டி அதைத் தாண்டிவிட்டதா என்பதே உங்களுக்கு விடை. எண்பதில் வரும் வண்டிக்கு அந்த இருநூறு மீட்டர் வெறும் ஒன்பது விநாடி. அடையாளத்தைத் தாண்டியிருந்தால் அந்த வண்டியைப் போகவிடுங்கள்.

இரவில் இந்த அளவு கைகொடுக்காது. விளக்கைப் பார்த்து தூரத்தையும் வேகத்தையும் கணிப்பதில் அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள். ஒற்றை விளக்கு வருகிறது, பைக்தான் என்று எண்ணி ஏறிவிடாதீர்கள். ஒரு பக்க விளக்கு எரியாத லாரியாகவும் அது இருக்கலாம்.

பக்கக் கண்ணாடியில் பார்த்தால் போதாதா? தலையைத் திருப்ப வேண்டுமா?

திருப்ப வேண்டும். நாம் இடப்புறமாக ஓட்டுவதால், சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறும்போது நெடுஞ்சாலை நமக்கு வலப்பக்கம் இருக்கிறது. ஆபத்து வலது தோளுக்குப் பின்னாலிருந்து வருகிறது. உள் கண்ணாடியும் பக்கக் கண்ணாடியும் சேர்ந்தும் காட்டாத ஒரு பகுதி அங்கே உண்டு, அதில் ஒரு பைக் முழுதாக மறைந்துவிடும். குவிந்த கண்ணாடியாக இருந்தால் பின்னால் வருவது உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்யும் முறையை ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம். வலது இண்டிகேட்டரைப் போடுகிறீர்கள். வலது கண்ணாடியில் ஒரு பார்வை: தொலைவில் ஒரு பேருந்து, அதன் முன்னால் இடைவெளி. மறுபடி முன்னால் ஒரு பார்வை, ஏனென்றால் உங்களுக்கு முன்னால் ஏறிய ஆட்டோ திடீரென்று தயங்கி நிற்கலாம். பின்னாலேயே பார்த்துக்கொண்டு அதன் முதுகில் இடித்தவர்கள் ஏராளம். பிறகு தோள்பட்டைக்கு மேல் ஒரு நொடிப் பார்வை, கை ஸ்டியரிங்கை இழுத்துவிடாமல். இடைவெளி அப்படியே இருக்கிறது என்றால் மெல்லச் சாய்ந்து உள்ளே. அதோடு இடது கண்ணாடியையும் விட்டுவிடாதீர்கள், நம் ஊரில் நீங்கள் வலப்பக்கம் சாயும் அதே நேரத்தில் இடப்பக்க மண் ஓரத்தில் ஒரு மொபெட் நுழைந்திருக்கும்.

இண்டிகேட்டரை எப்போது போட வேண்டும்?

திரும்பத் தொடங்குவதற்குச் சில விநாடிகளுக்கு முன்பே. திரும்பிக்கொண்டே போடுவது, செய்து முடித்ததை அறிவிப்பதாகும். சேர்ந்த பிறகு அணைக்கவும் வேண்டும். வலது இண்டிகேட்டர் எரிந்துகொண்டே செல்லும் வண்டியைப் பார்த்து, பின்னால் வரும் ஒருவர் “முந்திச் செல்லச் சொல்கிறார்” என்றும், மற்றொருவர் “வலப்பக்கம் திரும்பப் போகிறார்” என்றும் எடுத்துக்கொள்வார்கள். ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறுவது இன்னும் மோசம். இரண்டு பக்கமும் மினுக்கினால் நீங்கள் எந்தப் பக்கம் செல்லப் போகிறீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

எதிரே வருபவர் லைட் அடித்தால் “நீ போ” என்று பொருளா?

நம் சாலைகளில் பெரும்பாலும் அது “நான் வருகிறேன், நில்” என்றே பொருள்படும். சிலர் மட்டும் வழிவிடும் பொருளில் அடிக்கிறார்கள். ஒரே சைகைக்கு நேர் எதிரான இரண்டு பொருள் இருக்கும்போது அதை நம்பி ஏறுவது அறிவுடைமையாகாது. அவருடைய வேகம் உண்மையிலேயே குறைகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

இருசக்கர வாகனத்தில் ஏறுபவர்கள் என்ன செய்ய வேண்டும்?

கடலூரிலும் புதுச்சேரியிலும் நெடுஞ்சாலையில் ஏறுபவர்களில் பெரும்பகுதியினர் இவர்கள்தாம். சிப்காட் ஷிப்ட் முடிந்து வருபவர்கள், கல்லூரிக்குச் செல்பவர்கள், பின்னால் மனைவியும் முன்னால் குழந்தையுமாகக் கோயிலுக்குப் போகிறவர்கள். நூறு சிசி வண்டி மூன்று பேரைச் சுமந்து வேகம் எடுக்கவே நேரம் ஆகும் என்பதால், காருக்குச் சொன்ன இடைவெளி உங்களுக்குப் போதாது. ஏறியவுடன் இடது தடத்தின் இடப்பகுதியிலேயே செல்லுங்கள். ஏறிய வேகத்திலேயே இரண்டு தடங்களையும் குறுக்காகக் கடந்து மீடியன் ஓரத்துக்குச் சென்று, நூறு மீட்டரில் உள்ள இடைவெளியில் திரும்பிவிடும் வித்தை பார்ப்பவர் நெஞ்சைப் பதறவைக்கிறது. அந்தத் திருப்பம்தான் வேண்டுமென்றால் அடுத்த இடைவெளி வரை சென்று, ஒவ்வொரு தடமாக மாறித் திரும்பலாம். கூடுதலாகச் செலவாவது சில நிமிடங்கள்.

கார்க்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பைக் சிறியதாகத் தெரிவதால் தொலைவில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் தோன்றும். “பைக்தானே, ஒதுங்கிக்கொள்வான்” என்று அதன் முன்னால் ஏறுவது கார்க்காரர்கள் அதிகம் செய்யும் தவறு. அவருக்கு ஒதுங்க இருப்பது மணல் படிந்த ஓரம் மட்டும். அதில் ஏறிய சக்கரம் வழுக்கும்.

நிறுத்தத்திலிருந்து பேருந்து புறப்பட்டு ஏறும்போது யார் பொறுக்க வேண்டும்?

விதிப்படி பேருந்து ஓட்டுநர் பொறுக்க வேண்டும். ஆனாலும் பேருந்தின் வலது இண்டிகேட்டர் எரிந்தால், இயலுமிடத்தில் அதற்கு இடம்கொடுப்பது நல்ல வழக்கம். அறுபது பேர் ஏறியிருக்கும் வண்டி அது. கடலூர்–புதுச்சேரி தடத்தில் நேரத்தைத் துரத்தும் பேருந்துகள் இண்டிகேட்டரும் இல்லாமல் மூக்கைத் திருப்பிவிடுகின்றன என்ற குறை நியாயமானது. அந்தக் குறையைச் சாலையிலேயே தீர்த்துக்கொள்ள முயல்வது மட்டும் வேண்டாம், எடையில் வெல்லப்போவது பேருந்துதான். நின்றிருக்கும் பேருந்தின் முன்புறமாக ஒட்டி ஏறும் பைக்கை, உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் பார்க்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

சென்டர் மீடியன் இடைவெளியிலிருந்து ஏறுவதில் என்ன தனி ஆபத்து?

ஏறும் முறைகளில் மிக ஆபத்தானது இதுவே, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறுபவர் மெதுவான இடது தடத்தில் சேருகிறார். மீடியன் இடைவெளியிலிருந்து திரும்புபவரோ நேராக வலது தடத்தில், அதாவது மிக வேகமாக வண்டிகள் வரும் தடத்தில், மிக மெதுவான வேகத்தோடு நுழைகிறார். நம் ஊரில் பாரம் ஏற்றிய லாரிகளும் வலது தடத்திலேயே செல்வதால் அவற்றை முந்துபவர்கள் இடப்பக்கமாக வருவார்கள், ஆகவே இடது தடமும் காலியாக இருக்கும் என்று நம்ப முடியாது.

முதல் கேள்வி, உங்கள் வண்டி அந்த இடைவெளிக்குள் அடங்குமா என்பது. கார் ஏறத்தாழ நான்கு மீட்டர். பல இடங்களில் நேராக நிறுத்தினால் அடங்கிவிடும். பேருந்து பதினொன்று, பன்னிரண்டு மீட்டர். அது எந்த இடைவெளியிலும் அடங்காது. பின்பகுதி ஒரு பக்கத்து வேகத் தடத்தை மறித்துக்கொண்டிருக்கும். நீளமான வண்டி, இரண்டு திசைகளும் ஒரே நேரத்தில் காலியாகும் வரை புறப்படவே கூடாது. டிரெய்லர் பூட்டிய டிராக்டர் இரண்டு தடங்களையும் முழுதாகக் கடந்து தன் வாலையும் இழுத்துக்கொள்ள எட்டு விநாடிக்குக் குறையாது. அதற்குள் எண்பதில் வரும் வண்டி ஏறத்தாழ நூற்று எண்பது மீட்டர் வந்திருக்கும்.

இரண்டாவது, பக்கத்தில் ஒட்டி நிற்பவர். இடைவெளியில் ஒரு கார் நின்றால் அதன் இருபக்கமும் இரண்டு மூன்று பைக்குகள் முன்னேறி வந்து நிற்பது வழக்கம். வருகிற வண்டிகள் காரில் இருப்பவருக்குத் தெரியாமல் போகின்றன. அவர் எட்டிப் பார்க்க வண்டியைச் சிறிது முன்னால் நகர்த்த, பைக்குகள் இன்னும் சிறிது முன்னேற, கடைசியில் வேகத் தடத்தின் பாதியில் ஒரு கூட்டமே நிற்கும். பின்னால் வந்தவர் பின்னால்தான் நிற்க வேண்டும். மரியாதை என்று இந்த விஷயத்தில் ஒன்றை மட்டும் கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்போம்.

மீடியனில் இல்லாத இடைவெளியை, கல்லைப் பெயர்த்து உண்டாக்கிக்கொள்ளும் ஊர்களும் உண்டு. பெட்ரோல் பங்குக்கோ மண்டபத்துக்கோ சுற்றிச் செல்லச் சோம்பல்பட்டுச் செய்த அந்த வழியை நோக்கி, அங்கே ஒன்று இருக்கும் என்று எதிர்பார்க்காத வெளியூர் ஓட்டுநர் நூறில் வந்துகொண்டிருப்பார்.

சுற்றிச் செல்லாமல் சிறிது தூரம் எதிர்த் திசையில் ஓரமாகச் சென்று ஏறலாமா?

கூடாது. ஏறுபவர் வண்டி வரும் பக்கத்தைத்தான் பார்ப்பார். எதிர்த் திசையில் ஓரமாக வரும் உங்களை அவர் தேடவே மாட்டார். போக்குவரத்துத் திசைக்கு எதிராக ஓட்டுவதை, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதில் இடமுண்டு.

கரும்பு டிராக்டர்களும் பாதயாத்திரை செல்பவர்களும் இருக்கும் காலங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டும் பருவத்தில், சாயங்காலம் இருட்டிய பிறகு பாரம் ஏற்றிய டிரெய்லர்கள் கிளைச் சாலைகளிலிருந்து ஏறும். பக்கவாட்டில் பிதுங்கிய கரும்புத் தோகை, இருக்கும் ஒரு சிவப்பு விளக்கையும் மறைத்துவிடும். உங்கள் ஹெட்லைட் வெளிச்சத்தில் முதலில் தெரிவது சாலைக்கு மேல் அசையும் கரிய குவியல்தான், அது வண்டி என்று புரிவதற்குள் ஐம்பது மீட்டர் போயிருக்கும். டிராக்டர் வைத்திருப்பவர்கள் பின்புறத்தின் இரு ஓரங்களிலும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். இது அவர்களுடைய பொறுப்பு, மற்றவருடைய பொறுமை இதற்கு ஈடாகாது.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து செல்பவர்கள் இந்தச் சாலைகளில் இரவிலும் வரிசையாகச் செல்வார்கள். தைப்பூசத்துக்கு வடலூர் செல்பவர்களும் அப்படியே. சர்வீஸ் ரோடு நெடுஞ்சாலையில் சேரும் வாயை அவர்கள் நடந்தே கடக்க வேண்டியிருக்கிறது. ஏறுபவர் வலப்பக்கமே பார்த்துக்கொண்டு வேகமெடுக்கும்போது, இடப்பக்கம் முன்னால் நடந்துகொண்டிருப்பவர் கண்ணில் படுவதில்லை. அந்த நாள்களில் ஏறுவதற்கு முன் ஒரு பார்வையை இடப்பக்க ஓரத்துக்கும் ஒதுக்குங்கள். மார்கழிப் பனியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இதுவே பொருந்தும். சாலை நனைந்திருந்தால் நிற்பதற்கான தூரமும் கூடும் என்பதால் இடைவெளியையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சுங்கச்சாவடியைத் தாண்டியதும் பல வரிசைகள் இரண்டாகக் குறையும் இடத்தில் யாருக்கு முன்னுரிமை?

மொரட்டாண்டி சுங்கச்சாவடியில் சனி, ஞாயிறு மாலைகளில் சென்னைக்குத் திரும்பும் கார்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். அங்கே பிரதான சாலை, கிளைச் சாலை என்ற வேறுபாடு இல்லை. எல்லோரும் சமமாக நின்று புறப்பட்டவர்கள். இரு வரிசைகளிலிருந்தும் ஒன்றுவிட்டு ஒன்றாக, ஜிப் பற்கள் கோப்பதுபோல், நுழைவதுதான் எல்லோருக்கும் விரைவான வழி. ஜெர்மனியில் தடம் குறையும் இடத்தில் இப்படி மாறி மாறிச் செல்வதைச் சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அது வழக்கமாகக்கூட இல்லை. முன்னால் ஒரு காரை விட்டவர், அடுத்தவரையும் விட வேண்டியதில்லை; ஒருவரை விட்டாலே போதும்.

ஆம்புலன்ஸ் வரும்போது நான் ஏறும் இடத்தில் நின்றுகொண்டிருந்தால்?

ஏறாதீர்கள். கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஜிப்மருக்குச் செல்லும் ஆம்புலன்ஸ்கள் இந்தச் சாலைகளில் அடிக்கடி வருகின்றன. சைரன் கேட்டால் நின்ற இடத்திலேயே இருங்கள். முந்திக்கொண்டு ஏறிவிட்டுப் பிறகு ஒதுங்கலாம் என்று எண்ண வேண்டாம். அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு 194இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம் விழும். ஆம்புலன்ஸ் போனதும் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஒரு கார் வரும் என்பதால், உடனே ஏறிவிடாமல் இன்னொரு முறை பாருங்கள்.

ஒருவர் என் முன்னால் திடீரென்று ஏறிவிட்டார். ஹாரன் அடிக்கலாமா?

விபத்தைத் தவிர்க்க அடிக்கலாம். விபத்து தவறிய பிறகு அடிக்கும் நீண்ட ஹாரன், கோபத்துக்கு மட்டுமே. அவர் புதிதாக ஓட்டப் பழகுபவராக இருந்தால் அந்தச் சத்தத்தில் பதறி அடுத்த தவறையும் செய்வார். முந்திச் சென்று அவர் முன்னால் பிரேக் அடித்துப் பாடம் கற்பிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. ஆக்சிலரேட்டரை விட்டு, உங்களுக்கும் அவருக்கும் இடையே பழைய இடைவெளி திரும்பும் வரை பின்தங்குங்கள்.

தமிழ்நாட்டு எல்லையிலும் புதுச்சேரி எல்லையிலும் விதிகள் வேறுபடுமா?

சாலை விதிகள் மத்தியச் சட்டத்தின்கீழ் வருபவை. கன்னியக்கோயிலைத் தாண்டினாலும் ஆல்பேட்டையைத் தாண்டினாலும் யார் வழிவிட வேண்டும் என்பது மாறாது. வண்டியின் எண் பிஒய் 01 என்றாலும் டிஎன் 31 என்றாலும் அப்படித்தான். ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மீறினால் 177ஏ பிரிவு 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. எந்தப் பக்கத்தில் பிடிபட்டீர்களோ அந்தப் பக்கத்துக் காவல்துறை நடவடிக்கை எடுக்கும்.

நாங்கள் ஏறும் இடத்தில் லாரிகள் நின்று பார்வையை மறைக்கின்றன, பலகையும் இல்லை. யாரிடம் சொல்வது?

ஆபத்தான முறையில் வண்டியை நிறுத்திவிட்டுச் செல்வது 122ஆம் பிரிவின்படி குற்றம். சேரும் வாயில் டீ குடிக்க நிறுத்தப்பட்ட லாரி அதற்குச் சரியான எடுத்துக்காட்டு, ஏனென்றால் அதன் பின்னாலிருந்து வருகிற வண்டியை ஏறுபவர் காணவே முடியாது. தேசிய நெடுஞ்சாலையில் மறிப்பு, விபத்து, பழுதான வண்டி ஆகியவற்றை 1033 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 108. அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்கில் சிக்கவைக்க முடியாதபடி 134ஏ பிரிவு காக்கிறது.

தொலைபேசியில் “பெட்ரோல் பங்க் பக்கத்தில்” என்று சொன்னால் தேடி வருபவர்களுக்கு உதவாது. அருகில் உள்ள கிலோமீட்டர் கல்லின் எண், அதை அடுத்த இருநூறு மீட்டர் கல்லின் எண், எந்த ஊரை நோக்கிச் செல்லும் பக்கம் என்ற மூன்றையும் சொல்லுங்கள். பலகை இல்லாதது, வெள்ளைக் கோடு அழிந்தது, மீடியனைப் பெயர்த்து வழி உண்டாக்கியது போன்றவற்றை அதே விவரங்களோடும் பகலில் எடுத்த ஒரு படத்தோடும் நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.